வேறு வியாதி ஒன்றும் இல்லை

மற்றவர்களின் வியாதியைக் கேட்டு எழுதுவதுதான் என் பிழைப்பு. காரைக்குடியில் ஆயுள் காப்பீட்டு முகவராகப் பாதி ஆயுளை ஓட்டிவிட்டேன். ஸ்கூட்டரை எடுத்தால் பள்ளத்தூர், தேவகோட்டை, அழைத்தால் ஒக்கூர் வரைக்கும்கூடப் போவேன். “சர்க்கரை இருக்கா, பிரஷர் இருக்கா, ஆபரேஷன் எதுவும் செஞ்சிருக்கீகளா, மறைக்காமச் சொல்லுங்க” என்று எத்தனை வீட்டில் கேட்டிருப்பேன்! மறைத்தால் நாளைக்குப் பிள்ளைகுட்டிகளுக்கு ஒரு காசு வராது என்று பயமுறுத்தவும் செய்வேன். அப்படிப்பட்டவள் வீட்டிலேயே ஒரு பெரிய ஆபரேஷன் மறைந்து கிடந்தது என்றால் யார் நம்புவார்கள்?

எனக்குச் சிறுநீரகம் மாற்றியிருக்கிறது. கொடுத்தவர் என் வீட்டுக்காரர் சோலையப்பன். அப்போது கொஞ்ச காலம் சென்னையில் இருந்தோம். சொந்தக்காரர்களிடம், சிறுநீரகத்தில் கல், எடுத்துவிட்டார்கள் என்று சொல்லி முடித்தோம். புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் ஒரே நாளிலா கல் வரும் என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்று எனக்குப் பயம். ஒருவர்கூடக் கேட்கவில்லை. மெட்ராஸ் தண்ணீரைத்தான் எல்லோரும் திட்டினார்கள்.

மறைத்தது உமையாளுக்காக. எங்களுக்கு ஒரே மகள். தாய்க்குச் சிறுநீரகம் போனது என்று தெரிந்தால் மகளுக்கும் போகும் என்று முடிவு கட்டிவிடுவார்கள். கொள்வினை கொடுப்பினை எல்லாம் எங்கள் ஆட்களுக்குள்ளேயேதான். காரைக்குடியில் ஒருவர் தும்மினால் தேவகோட்டையில் மருந்து சொல்வார்கள். அதனால் வாயை மூடிக்கொண்டோம்.

மாற்றுச் சிறுநீரகத்தை உடம்பு தன்னுடையது என்று ஒருநாளும் ஒத்துக்கொள்ளாது. அந்நியம் என்று தாக்கும். தாக்காமல் இருக்க, உடம்பின் காவலை அடக்கிவைக்கும் மாத்திரைகளை ஆயுசுக்கும் விழுங்க வேண்டும். காவலை அடக்கினால் சளி, காய்ச்சல், கிருமி எல்லாம் சுலபமாக உள்ளே வரும். புற்றும் வரலாம், வெயிலில் அலையாதே என்றும் டாக்டர் சொல்லியிருப்பார். பிழைத்த சந்தோஷத்தில் அதெல்லாம் என் காதில் ஏறவில்லை.

வந்தது இடது கண்ணில். வலது கண் சிறுவயதிலிருந்தே மங்கல். ஆள் வருவது தெரியும், யார் என்று தெரியாது. ஆகவே வண்டி ஓட்டுவது, எழுதுவது, மகள் முகத்தைப் பார்ப்பது எல்லாம் இந்த இடது கண்ணை நம்பித்தான். அதில் கருவிழியும் வெள்ளையும் சேருகிற இடத்தில், காதுப் பக்கமாக, அரிசி நொய் அளவில் வெள்ளையாக ஒன்று கிளம்பியது. சுற்றிலும் சிவப்பு நரம்புகள். தூசி விழுந்தது போல உறுத்திக்கொண்டே இருந்தது. கழுவினேன், சொட்டு மருந்து வாங்கி விட்டேன். அது பாட்டுக்கு வளர்ந்தது.

ஊரிலேயே ஒரு கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். கூடத்தில் போய் உட்கார்ந்து நிமிர்ந்தால் எதிர் வரிசையில் தெய்வானை ஆச்சி! தேவகோட்டைக்காரர். அவர் மகனுக்குத்தான் உமையாளைக் கேட்டிருந்தார்கள். பேச்சு பாதியில் நின்றுகொண்டிருந்த நேரம் அது.

“வாங்க ஆச்சி. கண்ணுக்கா வந்தீக?” என்றேன்.

“கண்ணாடி மாத்தணும். நீங்க?”

“எனக்கும் கண்ணாடிதான்.”

இரண்டு பேரும் சிரித்துக்கொண்டோம். அப்போது பார்த்துத்தானா அந்த நர்ஸ் அட்டையும் பேனாவுமாக என்னிடம் வர வேண்டும்? அந்தப் பெண்ணுக்குக் கோயில் மணி மாதிரிக் குரல். “ஆச்சி, சுகர் இருக்கா? பெரிய ஆபரேஷன் எதுவும் செஞ்சிருக்கீகளா? தினம் என்ன மாத்திரை சாப்புடுறீக?” கூடமே எங்களைத் திரும்பிப் பார்த்தது. நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார்.

“வேற வியாதி ஒண்ணும் இல்லம்மா. பிரஷர் மாத்திரை மட்டுந்தான்.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆனால் எதிரே சம்பந்தியாகப் போகிறவர் உட்கார்ந்திருக்கிறார், என்ன செய்ய? கண்ணுக்கும் சிறுநீரகத்துக்கும் என்ன சம்பந்தம் இருந்துவிடப் போகிறது என்று மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

டாக்டர் அட்டையைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார். வெயிலில் அலைகிறவர்களுக்கு வருகிற சாதாரணச் சதை வளர்ச்சி என்றார். மரத்துப்போக மருந்து விட்டு அதை எடுத்தார். எடுத்ததைச் சோதனைக்கு அனுப்பவில்லை. வேறு வியாதி இல்லாதவளின் சதையை அவர் ஏன் சந்தேகப்படப் போகிறார்? அடுத்த வாரமே வண்டியை எடுத்துவிட்டேன். தேவகோட்டையிலிருந்தும் நல்ல சேதி வந்தது, பேசி முடிக்க நாள் பார்த்தார்கள்.

கண் ஆறிய வேகத்தில் சதை திரும்ப முளைத்தது. இந்தத் தடவை கருவிழி மேலேயே ஏறியது. டாக்டர் விளக்கை வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு நர்ஸை வெளியே அனுப்பிவிட்டு நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“ஆச்சி, உண்மையச் சொல்லுங்க. என்ன மாத்திரை சாப்புடுறீக?”

கைப்பையிலிருந்து மூன்று மாத்திரை அட்டைகளையும் எடுத்து மேஜைமேல் வைத்தேன். அவர் ஒவ்வொன்றாகத் திருப்பிப் படித்தார். அவர் முகம் வெளுத்ததை என்னால் மறக்க முடியவில்லை. “முதல்லயே சொல்லியிருந்தா நான் தொட்டிருக்கவே மாட்டேனே ஆச்சி” என்றார். அன்றைக்கே மதுரைக்கு எழுதிக் கொடுத்தார்.

மதுரைக்குப் போகும் வழியெல்லாம் வீட்டுக்காரர் என் மாத்திரை அட்டைகளையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு வந்தார். எப்போதுமே அவர் அளந்து பேசுகிறவர். காரைக்குடியில் பெயிண்டுக் கடை வைத்திருக்கிறார். வாடிக்கையாளர்களிடம்கூடச் சாயம் காட்டும் அட்டையை நீட்டிவிட்டுச் சும்மா நிற்பார். நான்தான் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசுவேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு நாள் முழுக்க வரிசை வரிசையாக உட்கார்ந்தோம். கண்ணுக்குச் சாய மருந்து விட்டுப் பார்த்தார்கள். கண்ணின் முன்பகுதியைக் குறுக்கே வெட்டினாற்போலப் படம் பிடிக்கிற ஒரு கருவி, வலியே இல்லை. எங்களைப் பார்த்தது ஓர் இளம் பெண் டாக்டர். காதுக்கு முன்னாலும் தாடைக்குக் கீழேயும் கழுத்திலும் விரலால் அழுத்தி அழுத்திப் பார்த்தார். நெறி ஏதும் கட்டியிருந்தால் நோய் கண்ணைத் தாண்டிவிட்டது என்று அர்த்தமாம். எச்.ஐ.வி. பரிசோதனைக்கும் எழுதினார். எனக்கு உடம்பு கூசியது.

“அது எதுக்கும்மா?” என்று கேட்டுவிட்டேன்.

“தப்பா நினைக்காதீங்கம்மா. உடம்போட எதிர்ப்புச் சக்தி குறைஞ்சவங்களுக்கு இந்தக் கட்டி சீக்கிரமா வரும், வேகமா பரவும். சக்தி எதனால குறைஞ்சிருந்தாலும் எங்களுக்குத் தெரியணும். உங்களுக்கு மாத்திரையினாலன்னு தெரியுது. வேற காரணமும் இல்லைன்னு உறுதி பண்ணிக்கணும்.”

சோதித்ததில் வேறு காரணம் இல்லை. நெறியும் கட்டவில்லை. ஆனால் கண்ணில் இருப்பது புற்று மாதிரித்தான் தெரிகிறது என்றார். வெள்ளை விழியின் மேல் கண்ணாடித்தாள் போல ஒரு மெல்லிய தோல் இருக்கிறது, அதில் ஆரம்பிப்பது. மேலோடு இருக்கும்போதே எடுத்துவிட்டால் பிழைத்தோம். உள்ளே இறங்கிவிட்டால் கண்ணையே எடுக்க வேண்டியிருக்கும். அவர் இதமாகத்தான் சொன்னார். எனக்கு அந்தக் கடைசி வாக்கியத்துக்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

ஆபரேஷனுக்கு உமையாள் பெங்களூரிலிருந்து ஓடி வந்தாள். கட்டியை நேராகத் தொடாமல், சுற்றிலும் கொஞ்சம் நல்ல தோலையும் சேர்த்து ஒரே துண்டாக எடுப்பார்களாம். தொட்டால் அதன் துணுக்கு வேறு இடத்தில் ஒட்டி முளைக்கும். எடுத்த பிறகு ஓரங்களைக் கடுங்குளிரால் உறையவைத்தார்கள். புண்ணை மூடுவதற்கு, பிரசவத்தில் குழந்தையோடு வருகிற பனிக்குடத்தின் சவ்வைப் பதப்படுத்தி வைத்திருக்கிறார்கள், அதை ஒட்டினார்கள். யாரோ ஒரு மகராசி பெற்ற பிள்ளையின் போர்வை என் கண்ணுக்கு வந்துவிட்டது.

“கிட்னி என்னோடது, கண்ணுல ஒட்டினது யாரோடதோ. ஒன்னோடதுன்னு ஒடம்புல என்ன மிச்சமிருக்கு மெய்யா?” என்றார் வீட்டுக்காரர். என் பெயர் மெய்யம்மை.

“நாக்கு இருக்குல்ல” என்றேன்.

உமையாள் சிரித்தாள். கட்டுப் போட்ட கண்ணோடு நானும் சிரித்தேன். மங்கல் கண்ணால் பார்த்தால் இரண்டு பேரும் புகைக்குள் நிற்கிறாற்போல இருந்தார்கள். கட்டை அவிழ்த்த பிறகும் இப்படித்தான் இருக்குமோ என்று நினைத்தேன். இரண்டு பேருக்கும் முகம் காட்டாமல் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

கட்டை அவிழ்த்தபோது பார்வை இருந்தது. சுவரில் ஓடிய பல்லிகூடத் தெரிந்தது. ஆனால் சோதனை முடிவு வந்து அந்தச் சந்தோஷத்தைப் பிடுங்கிக்கொண்டது. புற்றுதான். லேசாக உள்ளே இறங்கத் தொடங்கியிருந்தது. எடுத்த துண்டின் ஓரங்கள் மற்றப் பக்கமெல்லாம் சுத்தம், ஒரு பக்கம் மட்டும் சந்தேகம். ஆகவே புற்றைக் கொல்லும் மருந்தையே சொட்டாகக் கண்ணில் விட வேண்டும். சில நாள் விடுவது, பிறகு ஓய்வு, திரும்ப விடுவது. ஃபிரிட்ஜில் வைக்கிற மருந்து. பெங்களூருக்குத் திரும்பாமல் தங்கிவிட்ட உமையாள் கையுறை போட்டுக்கொண்டு விடுவாள். பச்சை மிளகாயை நசுக்கி வைத்தது போல எரியும். அவள் என்னைவிட இறுக்கமாகக் கண்ணை மூடிக்கொண்டு, “முடிஞ்சுச்சும்மா, முடிஞ்சுச்சு” என்பாள்.

இது போதாது என்று சொன்னவர் என் சிறுநீரக டாக்டர். அவரும் மதுரைதான், நரைத்த மனிதர், சுற்றி வளைக்க மாட்டார்.

“கண்ணுல மருந்து விடுறது களை எடுக்கிற மாதிரி. இந்த மாத்திரைகளை இப்படியே சாப்பிட்டா திரும்ப முளைக்கும். மூணுல ஒண்ணை நிறுத்தணும். இன்னொண்ணை எடுத்துட்டு வேற மாத்திரை தரணும். அது கிட்னியையும் காக்கும், இந்த மாதிரிக் கட்டியையும் கொஞ்சம் அடக்கும். ஆனா புண் ஆறுறதைத் தாமதப்படுத்தும், அதனால கண் ஆறட்டும்னுதான் காத்திருந்தேன்.”

“அப்ப நல்லதுதானே சார்?” என்றேன்.

“மாத்துற நேரத்துல உடம்பு முழிச்சுக்கிட்டா கிட்னியைத் தாக்கலாம். போகாதுன்னு நான் உறுதி சொல்ல முடியாது.”

வெளியே வந்ததும் நான் வீட்டுக்காரரிடம் சண்டைக்குப் போனேன். ஆமாம், ஆஸ்பத்திரி வாசலில், நாலு பேர் பார்க்கத்தான். “இந்த மாத்திரை மாத்துற வேலையே வேணாங்க. கண்ணு போனாத் தடவித் தடவி இருந்துக்கிருவேன். நீங்க வயித்தைக் கிழிச்சுக் குடுத்தத நான் தொலைச்சுட்டு நிக்கணுமா? அப்புறம் ஒங்க மூஞ்சியில எப்புடி முழிக்க?”

“வண்டி வந்துருச்சு, ஏறு” என்றார். அவ்வளவுதான் பதில்.

ஆனால் மறுநாள் காலையில் மாத்திரைப் பெட்டியைத் திறந்தால், நிறுத்தச் சொன்ன மாத்திரையும் மாற்றச் சொன்ன மாத்திரையும் அதில் இல்லை. வீட்டுக்காரரே எடுத்து அப்புறப்படுத்தியிருந்தார். புதிய மாத்திரையையும் தண்ணீரையும் நீட்டிக்கொண்டு நின்றார். பழையவை இத்தனை வருஷமாக வேளை தவறாமல் சாமி பிரசாதம் மாதிரி விழுங்கிய மாத்திரைகள். விட்டுவிட்டால் சிறுநீரகம் அந்த நிமிஷமே நின்றுவிடும் என்று எனக்குப் பயம். சாமியைக் கும்பிட்டுவிட்டுத்தான் புதியதை விழுங்கினேன்.

கிரியாட்டினின் என்று ஒரு ரத்தப் பரிசோதனை உண்டு. சிறுநீரகம் வடிகட்டாமல் விட்ட கழிவு ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும். எண் ஏறினால் ஆபத்து. மாத்திரை மாற்றிய பிறகு எடுத்த முதல் பரிசோதனையில் எண் ஏறியிருந்தது.

“இன்னொரு தடவை பார்ப்போம்,” என்றார் சிறுநீரக டாக்டர். “அதுலயும் ஏறினா பழைய மாத்திரைக்கே திரும்பணும். அப்புறம் கண்ணுக்கு நான் பொறுப்பு சொல்ல முடியாது.”

அந்த இடைவெளி இருக்கிறதே, அதுதான் நரகம். காலையில் எழுந்ததும் கால் வீங்கியிருக்கிறதா என்று அழுத்திப் பார்ப்பேன். பிறகு கண்ணாடியில் கண்ணை விரித்துப் பார்ப்பேன். ஒன்றைக் காப்பாற்றினால் இன்னொன்று கையை விட்டுப் போகும் போலிருந்தது. உள்ளுக்குள் நான் முடிவெடுத்துவிட்டேன்: எண் ஏறினால் பழைய மாத்திரைதான், கண் போனால் போகட்டும். அவர் கொடுத்ததை விட மாட்டேன். இதை யாரிடமும் சொல்லவில்லை.

இதற்கு நடுவில் பேசி முடிக்கும் நாள் நெருங்கியது. இனியும் மறைப்பதா என்று நான் கேட்டேன். “முடியட்டும், அப்புறம் சொல்லிக்கிருவோம்” என்றார் வீட்டுக்காரர். உமையாள் அவள் அப்பாவுக்கு முன்னால் எழுந்து நின்றுவிட்டாள். “அப்பச்சி, ஒண்ணும் இல்லன்னு சொல்லித்தான் அம்மா கண்ணு இந்தக் கதிக்கு வந்துச்சு. எனக்கு இன்னொரு ‘ஒண்ணும் இல்ல’ வேணாம்.” அவர் தலையைக் குனிந்துகொண்டார். பாவமாக இருந்தது. ஆனாலும் அவள் சொன்னது நியாயம்.

நானே தெய்வானை ஆச்சிக்குப் போன் போட்டேன். சிறுநீரகம், மாத்திரை, கண், புற்று என்று ஒன்றுவிடாமல் கொட்டினேன். “நான் நேர்ல வாரேன்” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். சரி, முடிந்தது கதை என்று நினைத்தேன். மூன்று பேரும் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தோம்.

சாயங்காலம் தெய்வானை ஆச்சி கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு காரில் வந்து இறங்கினார். வந்ததும் வராததுமாக, “வெளிச்சத்துக்கு வாங்க, கண்ணக் காட்டுங்க” என்றார். காட்டினேன். எங்கே முதலில் வந்தது, என்ன நிறம், உறுத்தியதா என்று துருவித் துருவிக் கேட்டார். பிறகு தன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். அவருடைய வலது கண் ஓரத்தில் வெள்ளையாக ஒரு பொடிப்பு, சுற்றிலும் சிவப்பு.

“எனக்கு மூட்டு முடக்குவாதம் ஆச்சி. வெளியில யாருக்கும் தெரியாது. அதுக்குச் சாப்புடுற மாத்திரையும் ஒடம்பு எதுப்பக் கொறைக்குமாம்ல. அன்னைக்கு அந்த நர்ஸுப் புள்ள எங்கிட்டயும் கேட்டுச்சு, என்ன மாத்திரைன்னு. எதுத்தாப்புல நீங்க ரெண்டு பேரும் ஒக்காந்திருக்கீக. மாமியாருக்குச் சீக்குன்னா பொண்ணு குடுப்பீகளா? வேற வியாதி ஒண்ணும் இல்லன்னுட்டேன்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழத் தொடங்கிவிட்டார். “எனக்கும் அதுதானா ஆச்சி? பயமா இருக்கு” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். கல்யாணத்தைப் பற்றி அன்றைக்கு யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாளே அவரை மதுரைக்குக் கூட்டிப்போனேன். மாத்திரை அட்டைகளையெல்லாம் முதலிலேயே மேஜைமேல் வைக்கச் சொன்னேன். அவருக்குப் புற்றுக்கு முந்தின கட்டம்தான், சொட்டு மருந்திலேயே அடங்கும் என்றார் பெண் டாக்டர். அந்த வீட்டுக்கே உமையாள் போகிறாள் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

இரண்டாவது பரிசோதனையின் முடிவைக் கேட்க நானும் வீட்டுக்காரரும் போனோம். எங்கள் பெயரைக் கூப்பிட்டார்கள். வீட்டுக்காரர்தான் என் முழங்கையைப் பிடித்துத் தூக்கினார். டாக்டர் காகிதத்தைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்தார்.

“எண் இறங்கியிருக்கு. பழைய இடத்துக்கே வந்துடுச்சு. புது மாத்திரையே தொடரலாம்.”

நான் மூச்சு விட்டேன். கண்ணையும் பெண் டாக்டர் அன்று காலையில் பார்த்திருந்தார், புதிதாக ஒன்றும் முளைக்கவில்லை. இனி ஆயுசுக்கும் அடிக்கடி வந்து காட்ட வேண்டும், வெயிலில் கண்ணாடியும் தொப்பியும் இல்லாமல் இறங்கக் கூடாது. அதற்கென்ன, தொப்பியோடு ஸ்கூட்டரில் போகிற ஆச்சி என்று ஊர் சிரித்துவிட்டுப் போகட்டும்.

எழுந்திருக்கப் போனேன். டாக்டர் உட்காரச் சொன்னார்.

“உங்க வீட்டுக்காரர் நேத்து எனக்குப் போன் பண்ணார், தெரியுமா உங்களுக்கு?”

“இவுகளா? போனா?” என்னால் நம்ப முடியவில்லை. வீட்டுக்காரர் சுவரில் மாட்டியிருந்த சிறுநீரகப் படத்தை மும்முரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எண் ஏறியிருந்தாலும் பழைய மாத்திரையைத் தராதீங்க, கண்ணைப் பாருங்கன்னார். கிட்னி போயிடுமேய்யான்னு கேட்டேன். போனாப் போகட்டும் சார், எங்கிட்ட இன்னும் ஒண்ணு இருக்குல்லங்கிறார்.”

டாக்டர் சிரித்தார். நான் அந்த மனுஷரை அங்கேயே, டாக்டர் முன்னாலேயே, வாய்க்கு வந்தபடி திட்டினேன். திட்டத் திட்ட அழுகை வந்தது. அழக் கூடாது, கண்ணில் மருந்து விட்டிருக்கிறது என்று வீட்டுக்காரர் கைக்குட்டையை நீட்டினார்.